டிராவல் ட்ரோன் வாங்கப் போறீங்களா? கேமராவைப் பார்க்கும் முன் ‘கிராம்’ கணக்கைப் பாருங்க!

சிங்கப்பூர் டூரின் கடைசி நாள். ஷாப்பிங் லிஸ்ட்டில் சாக்லேட், தைலம் எல்லாம் முடிந்துவிட்டது. எலெக்ட்ரானிக்ஸ் கடைக் கண்ணாடிக்குள் ஒரு குட்டி ட்ரோன். மடக்கினால் கையில் அடங்குகிறது. எடை ஒரு ஆப்பிள் அளவுதான். ‘அடுத்த மாசம் வால்பாறை ட்ரிப்புக்குச் செமயா இருக்கும்’ என்று கார்டைத் தேய்த்துவிட்டு ஃபிளைட் ஏறுகிறார் ஒரு இளைஞர். சென்னையில் இறங்கியதும் பையை எக்ஸ்ரேயில் பார்த்த சுங்க அதிகாரி கேட்கிறார்: “உள்ள ட்ரோன் இருக்கா? இதைக் கொண்டுவர அனுமதி வாங்கியிருக்கீங்களா?”

இது கற்பனைக் காட்சிதான். ஆனால், இன்றைய விதிப்படி யாருக்கும் நடக்கக்கூடியது. டிராவல் ட்ரோன் பற்றிய யூடியூப் ரிவ்யூக்களில் பெரும்பாலானவை வெளிநாட்டில் எடுக்கப்பட்டவை. அவற்றில் சென்சார், ரேஞ்ச், 4கே எல்லாம் விரிவாக இருக்கும். ‘இதை இந்தியாவில் வைத்துக்கொள்ள முடியுமா, போகிற இடத்தில் பறக்கவிட முடியுமா’ என்ற கேள்விக்கு மட்டும் பதில் இருக்காது. அரை லட்சம், ஒரு லட்சம் என்று செலவு செய்யும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை இதோ.

அது என்ன 249 கிராம்?

பாக்கெட் ட்ரோன்களின் அட்டைப்பெட்டியில் ‘249 கிராம்’ என்று பெரிதாக அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பல நாடுகள் 250 கிராமை ஒரு எல்லைக்கோடாக வைத்திருக்கின்றன. அதற்குக் கீழே இருந்தால் விதிகள் லேசாகும். அந்தக் கோட்டைத் தொடாமல் நிற்க, கம்பெனிகள் ஒவ்வொரு கிராமாகச் செதுக்குகின்றன.

இந்த விளையாட்டுக்கு நல்ல உதாரணம் ஜப்பான். 2019-ல் டி.ஜெ.ஐ. நிறுவனம் ‘மேவிக் மினி’யை 249 கிராமில் வெளியிட்டது. அப்போது ஜப்பானில் எல்லைக்கோடு 200 கிராம். அதனால் அந்த நாட்டுக்கு மட்டும் சிறிய பேட்டரி போட்டு, 199 கிராமில் தனி மாடல் விற்றார்கள். 2022 ஜூனில் ஜப்பான் எல்லையை 100 கிராமாகக் குறைத்துவிட்டது. அந்த 199 கிராம் சலுகையும் போச்சு.

இந்தியாவில் ‘ட்ரோன் விதிகள் 2021’ எடையை வைத்து ஐந்து பிரிவுகளைச் சொல்கிறது. 250 கிராம் வரை நானோ. அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. அடுத்து ஸ்மால், மீடியம், லார்ஜ். டிராவலுக்கு வாங்குவது எல்லாமே முதல் இரண்டு பிரிவுக்குள் வந்துவிடும். இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசம்தான் உங்கள் தலைவலியைத் தீர்மானிக்கிறது.

கவனிக்க வேண்டிய விஷயம், விதியில் கணக்கிடப்படுவது பறக்கும்போது உள்ள மொத்த எடை. மினி 4 புரோவின் சாதாரண பேட்டரியோடு எடை 249 கிராமுக்குள் இருக்கும். 34 நிமிடம் பறக்கும் என்கிறது கம்பெனி. ‘45 நிமிடம் வேணுமே’ என்று பிளஸ் பேட்டரியை மாட்டினால் எடை 250-ஐத் தாண்டிவிடும். அந்த நிமிடமே அது நானோ இல்லை, மைக்ரோ! இறக்கைக்கு கார்டு மாட்டுவது, மேலே குட்டி லைட் ஒட்டுவது எல்லாம் இதே கணக்கில்தான் வரும். 2025-ல் வந்த மினி 5 புரோவின் எடை 249.9 கிராம்; கூடக்குறைய 4 கிராம் வித்தியாசம் இருக்கலாம் என்று கம்பெனியே சொல்கிறது. அதாவது, உங்கள் கைக்கு வரும் பீஸ் கோட்டுக்கு அந்தப் பக்கமும் இருக்கலாம்.

வெளிநாட்டில் வாங்கிட்டு வரலாமா?

ஒரே வார்த்தையில் பதில்: வேண்டாம்.

2022 பிப்ரவரி 9-ம் தேதி, வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம் ட்ரோன் இறக்குமதிக்குத் தடை விதித்தது. முழுதாகச் செய்யப்பட்டதாக இருந்தாலும், பிரித்துக் கொண்டுவந்து இங்கே மாட்டும் கிட்டாக இருந்தாலும் தடைதான். ஆராய்ச்சி, ராணுவம், பாதுகாப்பு ஆகிய தேவைகளுக்கு மட்டும் உரிய அனுமதியோடு விலக்கு உண்டு. உதிரி பாகங்களை இறக்குமதி செய்யத் தடை இல்லை. உள்நாட்டு உற்பத்தியை வளர்ப்பதே நோக்கம் என்று அரசு சொன்னது.

‘ரூ.75,000 வரை டியூட்டி ஃப்ரீதானே?’ என்று சிலர் கேட்பார்கள். வரிச் சலுகை என்பது கொண்டுவர அனுமதி உள்ள பொருளுக்குத்தான். தடை செய்யப்பட்ட பொருளுக்கு அந்தக் கணக்கு எடுபடாது. துபாயில் இருக்கும் மச்சான் கிஃப்ட்டாகக் கொண்டுவந்தாலும் இதே கதைதான். பில் இருந்தாலும், வரி கட்டத் தயார் என்றாலும், பறிமுதல் ஆகும் வாய்ப்பு நிஜம்.

அப்படியென்றால் ஆன்லைனிலும் மார்க்கெட்டிலும் கிடைக்கும் வெளிநாட்டு ட்ரோன்கள்? தடைக்கு முன் முறைப்படி வந்தவையும் இருக்கலாம், ‘எப்படியோ’ வந்தவையும் இருக்கலாம். இரண்டாவது வகையில் ஜி.எஸ்.டி. பில் கிடைக்காது, வாரன்டி கிடைக்காது, பதிவு எண் வாங்கப் போகும்போது காட்ட ஆவணமும் இருக்காது. விலை பத்தாயிரம் குறைவு என்பதற்காக இந்த ரிஸ்க்கை எடுப்பது நல்லதில்லை. உள்நாட்டில் தயாராகும் 250 கிராமுக்கு உட்பட்ட மாடல்களும் சந்தையில் இருக்கின்றன. கேமரா தரத்தில் முன்னணி மாடல்களை அவை எட்டுகின்றனவா என்பதை சாம்பிள் வீடியோ பார்த்து முடிவு செய்யுங்கள்.

‘நானோன்னா எதுவுமே தேவையில்லை’ உண்மையா?

பாதி உண்மை. நானோ ட்ரோனுக்கு வகைச் சான்றிதழ் தேவையில்லை, ரிமோட் பைலட் சான்றிதழ் தேவையில்லை, மூன்றாம் நபர் காப்பீடும் கட்டாயமில்லை. 2022-ல் செய்த திருத்தத்தின்படி, 2 கிலோ வரையிலான ட்ரோனை வணிக நோக்கமில்லாமல் பறக்கவிடவும் பைலட் சான்றிதழ் வேண்டாம். ஆனால் மைக்ரோ பிரிவுக்கு வகைச் சான்றிதழும் காப்பீடும் தேவை என்பதை மறந்துவிடக் கூடாது.

மீதிப் பாதி இதுதான்: ட்ரோனைப் பதிவு செய்து தனி அடையாள எண் பெற்ற பிறகே பறக்கவிட வேண்டும் என்பது பொதுவிதி. அதோடு, எடை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வான்வெளி மண்டல விதிகள் பொருந்தும். 249 கிராம் என்பதற்காக விமான நிலையத்துக்குப் பக்கத்தில் யாரும் அனுமதிக்க மாட்டார்கள். ட்ரோன் விதிகளின் கீழ் அதிகபட்ச அபராதம் ரூ.1 லட்சம். வேறு சட்டங்களையும் மீறியிருந்தால் அதற்கான தண்டனை தனி.

பச்சை, மஞ்சள், சிவப்பு: நம்ம ஊர் டூரிஸ்ட் ஸ்பாட் எதில் வரும்?

மத்திய அரசின் டிஜிட்டல் ஸ்கை தளத்தில் இந்தியாவின் வான்வெளி வரைபடம் இருக்கிறது. பச்சை மண்டலத்தில் 400 அடி, அதாவது 120 மீட்டர் உயரம் வரை முன் அனுமதி இல்லாமல் பறக்கலாம். விமான நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து 8 முதல் 12 கி.மீ. வரையிலான பகுதியில் அந்த உயரம் 200 அடிதான். மஞ்சள் மண்டலம் என்றால் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி வேண்டும். சிவப்பு என்றால் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் நுழையவே கூடாது.

பேப்பரில் எளிதாகத் தெரிகிறது. ஆனால், தமிழ்நாட்டின் சுற்றுலா வரைபடத்தை எடுத்து வைத்துப் பாருங்கள். தஞ்சாவூர் பெரிய கோயில் இருக்கும் ஊரிலேயே விமானப்படைத் தளம் இருக்கிறது. மாமல்லபுரம் போனால் பக்கத்திலேயே கல்பாக்கம் அணுமின் நிலையம். கன்னியாகுமரி போகும் வழியில் கூடங்குளம். ராமேஸ்வரம் சாலையில் உச்சிப்புளியில் கடற்படையின் விமானத் தளம். ஊட்டி ரூட்டில் வெலிங்டன் ராணுவக் குடியிருப்பும் அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையும். கோவை போனால் சூலூர். இன்ஸ்டா ரீல்ஸுக்கு ஏற்ற பல இடங்களுக்குப் பக்கத்தில் ஏதாவது ஒரு பாதுகாப்பு வளாகம் உண்டு.

இதோடு முடியவில்லை. மாமல்லபுரம் கடற்கரைக் கோயில், பெரிய கோயில் போன்ற இடங்கள் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை. அங்கே ட்ரோனுக்குத் தனி அனுமதி வேண்டும். முதுமலை, ஆனைமலை போன்ற புலிகள் காப்பகங்களில் வனத்துறையின் அனுமதி இல்லாமல் பறக்கவிட்டால் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பாயும். ‘மேப்ல பச்சையாத்தான் சார் இருந்துச்சு’ என்ற பதில் வனத்துறையிடம் செல்லாது.

அதனால் மாடலைத் தேர்வு செய்வதற்கு முன் ஒரு சின்ன ஹோம்வொர்க். அடுத்த ஒரு வருடத்தில் போகத் திட்டமிட்டிருக்கும் ஐந்து இடங்களை எழுதுங்கள். ஒவ்வொன்றையும் வரைபடத்தில் தேடுங்கள். ஐந்தில் நான்கு சிவப்பாகவோ, காடாகவோ, நினைவுச் சின்னமாகவோ இருந்தால், உங்களுக்குத் தேவை ட்ரோனா அல்லது நல்ல கேமரா உள்ள போனா என்று இன்னொரு முறை யோசிக்கலாம்.

சரி, இப்போ கேமராவுக்கு வருவோம்

மேலே சொன்னதெல்லாம் ஓகே என்றால், அடுத்து பார்க்க வேண்டியவை மூன்று.

முதலாவது, சென்சாரின் அளவு. ‘4கே’ என்ற வார்த்தையில் மயங்க வேண்டாம். சூரிய உதயம், அந்தி நேரம் போன்ற மங்கிய வெளிச்சத்தில் வித்தியாசத்தைக் காட்டுவது சென்சார்தான். மினி 2 எஸ்.இ.யில் 1/2.3 அங்குல சென்சார், வீடியோவும் 2.7கேதான். மினி 3, மினி 4 புரோவில் 1/1.3 அங்குலம். ஏர் 3எஸ், மினி 5 புரோவில் 1 அங்குலம். பகல் வெயிலில் எடுத்து ஸ்டேட்டஸ் போடுவதற்கு இவற்றுக்குள் பெரிய வித்தியாசம் தெரியாது. மாலை ஆறரை மணிக்கு எடுத்துப் பாருங்கள், தெரியும்.

இரண்டாவது, கிம்பல். காற்றில் ட்ரோன் ஆடினாலும் கேமரா ஆடாமல் இருக்கச் செய்யும் மோட்டார் அமைப்பு இது. மூன்று அச்சு கிம்பல் இருந்தால் வீடியோ வெண்ணெய் மாதிரி வரும். 135 கிராம் எடையுள்ள டி.ஜெ.ஐ. நியோ போன்ற மிகச் சிறிய ட்ரோன்களில் ஒற்றை அச்சுதான். மீதியை மென்பொருள் சமாளிக்கும். ‘4கே’ என்று போட்டு நாலாயிரம், ஐந்தாயிரத்துக்கு விற்கும் பொம்மை ட்ரோன்களில் கிம்பலே இருக்காது. அந்தக் காசுக்கு ட்ரிப்பில் இரண்டு வேளை நன்றாகச் சாப்பிடலாம்.

மூன்றாவது, தடை உணரும் சென்சார்கள். மினி 4 புரோ எல்லாத் திசையிலும் தடைகளைப் பார்க்கும். மினி 3-க்குக் கீழ்ப்பக்கம் மட்டும்தான் கண். தென்னந்தோப்பிலும் மலைச் சரிவிலும் முதல் முறை ஓட்டுபவருக்கு இந்த வித்தியாசம், ட்ரோன் பத்திரமாக வீடு திரும்புமா இல்லையா என்பதுதான். ஆனாலும் மெல்லிய மின்கம்பியையும் சின்னக் கிளையையும் எந்தச் சென்சாரும் தவறவிடலாம்.

ரீல்ஸ் எடுப்பவர்களுக்கு ஒரு கூடுதல் விஷயம்: மினி 3, மினி 4 புரோ இரண்டிலும் கேமராவே செங்குத்தாகத் திரும்பும். அகலமாக எடுத்து இருபுறமும் வெட்ட வேண்டியதில்லை. தரம் குறையாது.

நல்ல வெயிலில் எடுத்த ட்ரோன் வீடியோ சில நேரம் ‘கடக் கடக்’ என்று துள்ளுவது போலத் தெரியும். காரணம், இந்தச் சிறிய கேமராக்களில் துளையின் அளவு மாறாது. வெளிச்சம் அதிகமானால் ஷட்டர் வேகத்தைக் கூட்டித்தான் சமாளிக்கும். லென்ஸுக்குக் கூலிங் கிளாஸ் போடுவது மாதிரியான என்.டி. ஃபில்டர்கள் இதற்குத் தீர்வு. மாட்டினால் எடையும் சற்றுக் கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

34 நிமிடம்னு போட்டிருக்கே, பறக்குமா?

பறக்காது. கம்பெனி சொல்லும் நேரம் காற்றில்லாத சூழலில், சீரான வேகத்தில், பேட்டரி தீரும்வரை பறக்கவிட்டுக் கணக்கிட்டது. நிஜத்தில் யாரும் பேட்டரி பூஜ்யமாகும்வரை வானில் விடமாட்டார்கள். காற்று, மேலே கீழே ஏற்றி இறக்குவது, திரும்பி வரத் தேவையான இருப்பு எல்லாம் போக, சொன்னதில் மூன்றில் இரண்டு பங்கு கிடைத்தாலே நல்லது. 34 நிமிடம் என்றால் 22 நிமிடம் என்று திட்டமிடுங்கள். டிராவலுக்குக் குறைந்தது இரண்டு பேட்டரி வேண்டும் என்பது இதனால்தான்.

காற்றும் முக்கியம். மினி 4 புரோ நொடிக்கு 10.7 மீட்டர், அதாவது மணிக்குச் சுமார் 38 கி.மீ. வேகக் காற்று வரை தாங்கும். நியோவுக்கு அது மணிக்குச் சுமார் 29 கி.மீ.தான். கடற்கரையில் தரையில் நிற்கும்போது தென்றல் போலத் தெரியும் காற்று, 100 மீட்டர் மேலே வேறு மாதிரி இருக்கும். ஆரம்பத்தில் எல்லோரும் செய்யும் தவறு, காற்று போகும் திசையிலேயே ட்ரோனைத் தூரமாக அனுப்புவது. போகும்போது ஜாலியாகப் போகும். திரும்பும்போது எதிர்க்காற்றில் பேட்டரி கரைந்துவிடும். முதலில் காற்றை எதிர்த்து அனுப்புங்கள். திரும்பி வருவது எளிதாகும்.

மலையில் இன்னொரு சிக்கல். திரையில் காட்டும் உயரம், ட்ரோன் கிளம்பிய இடத்திலிருந்து கணக்கிடுவது. கொடைக்கானல் மாதிரி இடத்தில் பள்ளத்தாக்கின் விளிம்பில் நின்று ஏவினால், திரையில் 50 மீட்டர் என்று இருக்கும். கீழே தரை பல நூறு மீட்டர் ஆழத்தில் இருக்கும். பின்னால் உள்ள மரங்களின் உயரத்தையும் பார்த்து, தானாகத் திரும்பும் உயரத்தை முன்கூட்டியே செட் செய்யாவிட்டால், ‘ரிட்டர்ன் டு ஹோம்’ நேராக மரத்தில் போய் முடியும். பருந்துகள் வட்டமிட்டால் உடனே இறக்கிவிடுங்கள். அவை ட்ரோனைத் தாக்கக்கூடியவை. இறக்கையில் பட்டால் காயம் அவற்றுக்கும்தான்.

யாருக்கு எது?

*தனியாக ட்ரெக்கிங், பைக் ரைடு போகிறவர்:* நியோ மாதிரியான உள்ளங்கையிலிருந்து கிளம்பும் ரகம் போதும். ரிமோட் இல்லாமலே உங்களைத் தொடர்ந்து வந்து எடுக்கும். பலத்த காற்றுக்கும் தூரக் காட்சிகளுக்கும் இது சரிவராது.

*குடும்பத்தோடு வருடத்துக்கு இரண்டு ட்ரிப்:* மினி 3 ரகம். கேமரா நன்றாக இருக்கும். தடை உணரும் வசதி குறைவு என்பதால் திறந்த வெளியில் பழகிக்கொள்ள வேண்டும்.

*டிராவல் கன்டென்ட் சீரியஸாகச் செய்கிறவர்:* மினி 4 புரோ ரகம். எடையும் தரமும் சமமாகச் சேரும் இடம் இதுதான். ஆனால், வீடியோவில் வருமானம் வருகிறது என்றால் அது வணிக நோக்கமா என்ற கேள்வி எழும். நானோ எடைக்குள் இருப்பது இங்கேயும் கை கொடுக்கும்.

*படத் தரம்தான் எல்லாம் என்பவர்:* 724 கிராம் ஏர் 3எஸ் ரகம் அருமையானது. ஆனால் இது மைக்ரோ பிரிவு. வகைச் சான்றிதழ் இல்லாத மைக்ரோ ட்ரோனை இந்தியாவில் சட்டப்படி பறக்கவிட முடியாது என்பதால், பலருக்கு இது அலமாரிப் பொருளாகவே முடியும்.

ஃபிளைட்டில் எப்படி எடுத்துப் போவது?

லித்தியம் பேட்டரிக்கான விமான விதி, வாட் மணிக் கணக்கில் இருக்கிறது. வோல்டேஜை ஆம்பியர் மணியால் பெருக்கினால் கிடைப்பது அது. மினி 4 புரோ பேட்டரி 7.32 வோல்ட், 2.59 ஆம்பியர் மணி. பெருக்கினால் சுமார் 19 வாட் மணி. 100 வாட் மணிக்குள் இருந்தால் பிரச்சினை இல்லை. டிராவல் ட்ரோன்கள் எல்லாமே இதற்குள் வந்துவிடும். ஆனால் கழற்றிய பேட்டரிகளைச் செக்-இன் லக்கேஜில் போடவே கூடாது. கேபின் பையில், முனைகள் உரசாதபடி தனித்தனி உறையில் வையுங்கள். ட்ரோனைக் கேபினில் அனுமதிப்பதில் விமான நிறுவனங்களுக்குள் வித்தியாசம் இருக்கலாம் என்பதால் முன்பே கேட்டுவிடுவது நல்லது.

இந்தியாவில் முறைப்படி வாங்கிய ட்ரோனை வெளிநாட்டுக்கு எடுத்துப் போகிறீர்களா? கிளம்பும்போதே விமான நிலையச் சுங்கத்தில் ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது ‘இது இங்கிருந்து கொண்டுபோனதுதான்’ என்று நிரூபிக்க அதுவும், இந்திய பில்லும்தான் உதவும்.

போகிற நாட்டின் விதி என்ன?

ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு ரூல். அமெரிக்காவில் பொழுதுபோக்குக்குப் பறக்கும் 250 கிராமுக்கும் குறைவான ட்ரோனுக்குப் பதிவு வேண்டாம். இலவச ஆன்லைன் தேர்வு ஒன்றை எழுத வேண்டும். பிரிட்டனில் 2026 ஜனவரி 1 முதல், 100 கிராமும் அதற்கு மேலும் உள்ள ட்ரோனை ஓட்டுபவர் தேர்வெழுதி அடையாள எண் பெற வேண்டும். ஜப்பானில் 100 கிராமுக்குமேல் பதிவு கட்டாயம். தாய்லாந்தில் கேமரா இருந்தாலே, எடை எவ்வளவு குறைவாக இருந்தாலும் பதிவு செய்ய வேண்டும். 2025 ஜூலையில் கம்போடியாவுடனான எல்லை மோதலின்போது நாடு முழுக்க ட்ரோன் பறக்கவே அந்த நாடு தடை போட்டது. ஐக்கிய அரபு அமீரகமும் 2022 ஜனவரியில் பொழுதுபோக்கு ட்ரோன்களுக்குத் தடை விதித்து, பிறகு படிப்படியாகத்தான் தளர்த்தியது. மொராக்கோவுக்கும் எகிப்துக்கும் அனுமதி இல்லாமல் கொண்டுபோனால் விமான நிலையத்திலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். டிக்கெட் போட்டவுடன் ஒரு முறை, கிளம்புவதற்கு முந்தைய வாரம் ஒரு முறை என அந்த நாட்டு விமானப் போக்குவரத்துத் துறையின் தளத்தைப் பார்த்துவிடுங்கள்.

காசு கொடுக்கும் முன் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. ஜி.எஸ்.டி. பில்லில் சீரியல் நம்பர் போட்டுத் தருவீர்களா?
2. பேட்டரியோடு சேர்த்து மொத்த எடை எவ்வளவு? தராசில் வைத்துக் காட்ட முடியுமா?
3. இதற்குப் பதிவு எண் வாங்கத் தேவையான ஆவணங்கள் இருக்கின்றனவா?
4. பழுதானால் இந்தியாவில் சர்வீஸ் செய்வது யார்? இறக்கை, பேட்டரி கிடைக்குமா?
5. இதன் ஆப் என் போனில் வேலை செய்யுமா? டி.ஜெ.ஐ.யின் ஆண்ட்ராய்டு ஆப் கூகுள் பிளே ஸ்டோரில் இல்லாமல், அதன் தளத்திலிருந்து நேரடியாக இறக்க வேண்டியிருக்கும்.

முதல் மூன்று கேள்விகளில் ஒன்றுக்காவது ‘அதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க ப்ரோ’ என்று பதில் வந்தால், கடையை விட்டு வெளியே வந்துவிடலாம். சுங்கத்திலோ போலீஸிலோ கேள்வி வரும்போது அந்தக் கடைக்காரர் உங்கள் பக்கத்தில் நிற்க மாட்டார்.

வாங்கியாகிவிட்டதா? முதல் ஃபிளைட்டை ட்ரிப்பில் வைத்துக்கொள்ளாதீர்கள். ஊரிலேயே பச்சை மண்டலத்தில் ஒரு காலி மைதானத்தைத் தேடி, கூட்டம் இல்லாத காலை நேரத்தில் நான்கைந்து நாள் பழகுங்கள். மேலே ஏற்றுவதைவிட, பத்திரமாகக் கீழே இறக்கத்தான் பயிற்சி அதிகம் தேவை.